குல்தரா: ஒரே இரவில் 84 கிராமங்கள் காலியானது உண்மையா?

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் நகரிலிருந்து தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது குல்தரா. மஞ்சள் நிறக் கற்களால் கட்டப்பட்ட வீடுகள் கூரையிழந்து வரிசை வரிசையாக நிற்கின்றன. தெருக்கள் நேர்க்கோட்டில் ஓடுகின்றன. ஊரின் நடுவே ஓர் அம்மன் கோயில் உள்ளது. மனிதர்கள் மட்டும் இல்லை.

பகலில் சுற்றுலாப் பயணிகள் வந்து போகிறார்கள். மாலையானதும் வாயில் மூடப்படுகிறது. 'பேய்கள் உலவும் ஊர்' என்று பெயர் பெற்றுவிட்ட இந்த இடத்தின் மெய்யான வரலாறு, அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது.

மக்கள் சொல்லும் கதை என்ன?

ஜெய்சல்மேர் அரசின் திவானாக இருந்தவர் சாலிம் சிங். அவர் குல்தராவைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மீது ஆசை கொண்டு, அவளைத் தன்னிடம் ஒப்படைக்காவிட்டால் ஊரையே அழித்துவிடுவதாக மிரட்டினாராம். மானத்தைக் காக்க நினைத்த பாலிவால் பிராமணர்கள், 84 கிராமங்களையும் ஒரே இரவில் காலி செய்து புறப்பட்டார்களாம். போகும்போது, 'இனி இங்கே யாரும் குடியேற முடியாது' என்று சாபமிட்டார்களாம்.

சாலிம் சிங் கற்பனைப் பாத்திரம் அல்லர். ஜெய்சல்மேரில் அவர் பெயரால் ஒரு மாளிகை இன்றும் உள்ளது. ஆனால், ஒரே இரவில் ஊர் காலியானது என்பதைக் கிடைத்துள்ள பதிவுகள் உறுதி செய்யவில்லை.

எண்கள் சொல்வது என்ன?

பாலியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பிராமணர்களே பாலிவால்கள் எனப்பட்டனர். குல்தராவின் நினைவுக் கற்களில் உள்ள கல்வெட்டுகள், 13-ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இங்கு வாழ்ந்ததைக் காட்டுகின்றன.

சிதைந்த வீடுகளின் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டு, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கு ஏறத்தாழ 1,588 பேர் வாழ்ந்திருக்கலாம் என்று வரலாற்று ஆய்வாளர் சையத் அலி நதீம் ரெஸாவி மதிப்பிட்டார். 1815-இல் குல்தராவில் 200 குடும்பங்களும் 800 பேரும் இருந்ததாக ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டாட் எழுதினார். 1890-இல் எஞ்சியிருந்தவர்கள் 37 பேர்.

சாலிம் சிங்கின் காலத்திலேயே ஊர் பாதியாகச் சுருங்கியிருந்தது. அவர் காலத்துக்கு வெகு பின்னரும் சிலர் அங்கேயே வாழ்ந்தார்கள். ஒரே இரவில் அனைவரும் வெளியேறியிருந்தால், 1890-இல் அந்த 37 பேர் இருந்திருக்க முடியாது. குல்தரா பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாக ஆளிழந்த ஊர் என்பதே இதிலிருந்து கிடைக்கும் முடிவு.

பாலைவனத்தில் எப்படி வாழ்ந்தார்கள்?

ஜெய்சல்மேரில் ஆண்டு மழையளவு சுமார் 200 மில்லிமீட்டர் மட்டுமே. அந்த மண்ணில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளைந்ததற்குக் காரணம் 'கடீன்' என்னும் நீர் சேகரிப்பு முறை.

பாறைச் சரிவுகளில் விழும் மழைநீர் வழிந்தோடித் தாழ்வான நிலத்தில் சேரும். அங்கே மண்கரை எழுப்பி நீரைத் தேக்குவார்கள். நீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கியதும், எஞ்சிய ஈரத்தில் விதைப்பார்கள். பாசனமே இல்லாமல் அந்த ஈரத்திலேயே பயிர் விளையும். இந்த முறையைச் செம்மைப்படுத்தியவர்கள் என்று பாலிவால்களே குறிப்பிடப்படுகிறார்கள். ஜெய்சல்மேர் பகுதியில் கடீன்கள் இன்றும் பயன்பாட்டில் உள்ளன.

வேளாண்மையோடு வணிகமும் வட்டித் தொழிலும் அவர்கள் கையில் இருந்தன. அந்தச் செல்வமே அவர்களை வரி வசூலிப்போரின் கண்ணில் நிறுத்தியது.

அப்படியானால் ஏன் வெளியேறினார்கள்?

இதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. முதலாவது, வரிக்கொடுமை. சாலிம் சிங்கின் கட்டாய வசூல்களே பாலிவால்களை நாட்டைவிட்டு விரட்டின என்பதை டாட் பதிவு செய்துள்ளார். மக்கள் கதையில் வரும் கொடிய திவானுக்கு வரலாற்றில் உள்ள அடிப்படை இதுதான்.

இரண்டாவது, தண்ணீர். 1815-க்குள் ஊரின் பெரும்பாலான கிணறுகள் வற்றிவிட்டன. 1850-இல் ஒரு படிக்கிணறும் வேறு இரண்டு ஆழ்கிணறுகளும் மட்டுமே பயன்பட்டன. நீர் குறையும்போது விளைச்சல் குறையும். வரி மட்டும் குறையவில்லை என்றால் குடியானவருக்கு மிஞ்சும் வழி ஊரைவிட்டுப் போவதுதான்.

மூன்றாவதாக ஒரு கருத்தும் உண்டு. சரிந்த கூரைகளையும் விழுந்து கிடக்கும் தூண்களையும் ஆராய்ந்த புவியியலாளர்கள், நிலநடுக்கம் காரணமாக இருந்திருக்கலாம் என்று 2017-இல் 'கரண்ட் சயின்ஸ்' ஆய்விதழில் எழுதினர். இது இன்னும் ஒரு கருதுகோளே.

இன்று ஏன் இது முக்கியம்?

குல்தரா இன்று ராஜஸ்தான் அரசின் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். ஆனால், வருவோரில் பலர் தேடுவது பேயை. சாபத்தை நம்பினால், ஊர் அழிந்ததற்கு விளக்கம் அத்துடன் முடிந்துவிடும். வற்றிய கிணற்றையும் தாங்க முடியாத வரியையும் பார்த்தால்தான், அது மீண்டும் நிகழக்கூடியது என்பது புரியும்.

அது நிகழ்ந்துகொண்டும் இருக்கிறது. உத்தராகண்ட் மலைப்பகுதிகளில் ஆளற்றுப் போன ஊர்களை அங்குள்ளவர்கள் 'பூதியா காவ்', அதாவது பேய்க் கிராமம் என்றே அழைக்கிறார்கள். 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளற்றுப் போனதாக அம்மாநில இடப்பெயர்வு ஆணையம் 2018-இல் அறிக்கை அளித்தது. வெளியேறியோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் பிழைப்புக்கு வழியின்மை. கல்வி, மருத்துவ வசதிக் குறைவு அடுத்தடுத்த காரணங்கள்.

அங்கேயும் யாரும் ஒரே இரவில் புறப்படவில்லை. ஒவ்வொரு குடும்பமாகக் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். குல்தராவிலும் பெரும்பாலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.