தள்ளினால் வண்டி நகர மறுக்கிறதா?

மழைக்காலம் முடிந்ததும் பைக்கைத் தள்ளிப் பாருங்கள். முன் சக்கரம் இறுகிப் பிடித்தால், டிஸ்க் பிரேக் காலிப்பரில் பிஸ்டன் சிக்கியிருக்கலாம். லீவரை விட்டதும் பிஸ்டனைச் சற்றே பின்னுக்கு இழுப்பது அதைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்தான். சேறும் துருவும் சேர்ந்தால் அது நடக்காது. டிஸ்க் சூடேறும், பேட் சீக்கிரம் தேயும், மைலேஜும் போச்சு!

பிளையரால் பிடுங்கினால் கீறல் விழுந்து ஆயில் கசியும். ஹோஸைக் கழற்றாமல் காலிப்பரை மட்டும் இறக்கி, பேடுகளை எடுத்துவிட்டு லீவரை மெதுவாக அழுத்துங்கள். பிஸ்டன் தானே வெளியே வரும். அப்படியும் அசையாவிட்டால் மெக்கானிக்கிடம் விடுங்கள். வீட்டில் கம்ப்ரஸர் காற்று வேண்டவே வேண்டாம், பிஸ்டன் தோட்டா மாதிரி பாய்ந்து விரலை நசுக்கிவிடும். துடைக்க பெட்ரோலும் கூடாது, ரப்பர் உப்பிவிடும். புது பிரேக் ஆயில் போதும். துருக்குழி விழுந்த பிஸ்டனை மாற்றத்தான் வேண்டும்.

மாட்டியபின் ஆயிலில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். லீவர் கெட்டியாகும்வரை வண்டியைத் தெருவில் இறக்காதீர்கள்.