காரின் நடுக்கம்

பழைய மோட்டார் வண்டியொன்று வீதியிலே நடுங்கத் தொடங்கினால், "அதற்கு வயது போய்விட்டது" என்று கூறி அமைவது நம்மவர் வழக்கம். வயதைக் காரணமாகச் சொல்லிவிட்டால் ஆராய்ச்சி அவ்விடத்திலேயே நின்றுவிடும். ஆயின், நடுக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இருப்பிடம் உண்டு. அதைத் தேடிக் கண்ட கதையை இங்கே கூறுகின்றேன்.

எனது தந்தையார் விட்டுச்சென்ற 1964ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரே எங்கள் வீட்டு வாகனம். யாழ்ப்பாணத்திலே பெற்றோல் அரிதாயிருந்த 1990களில் மண்ணெண்ணெயிலும் ஓடி எம்மைக் காத்தது அது. சென்ற ஆண்டு கண்டி வீதியில், மணிக்கு 60 கிலோமீற்றரைத் தாண்டியதும் அது நடுங்கலாயிற்று. 70இல் கண்ணாடிகள் சடசடத்தன. வேகம் 50க்கு இறங்கியதும் எல்லாம் அடங்கிவிடும்.

கராஜில் சில்லுகளின் நிறையைச் சமப்படுத்தினர். ரயர்கள் இரண்டை மாற்றினர். இயந்திரத்தைத் தாங்கும் றப்பர்களையும் மாற்றினர். பணம் போயிற்று, நடுக்கம் போகவில்லை. "வித்துப்போடுங்கோ மாஸ்ரர்" என்பதே முடிந்த முடிபாயிற்று.

விற்குமுன் ஒருமுறை தாயாரை வவுனியாவிலுள்ள தமக்கையார் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். முறிகண்டியில் பிள்ளையாரை வணங்கி மீண்டபோது தாயார், "தம்பி, என்ரை சீற்றுக்குக் கீழை வண்டு இரையிற மாதிரிக் கிடக்கு" என்றார். அதுவரை நான் ஸ்ரியறிங்கையே கவனித்திருந்தேன். அதுவோ என் கைகளில் அசைவின்றி இருந்தது!

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தேன். 70 கிலோமீற்றர் வேகத்தில் என் காரின் சில்லு வினாடிக்குப் பத்துத் தடவைக்குச் சற்றுக் கூடுதலாகச் சுழலும். இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் நீண்ட இரும்புத் தண்டோ, பின்னச்சின் பல்விகிதம் 4.22 ஆதலால், ஏறக்குறைய 44 தடவை சுழலும். சில்லின் குறை உதறலாகத் தெரியும். தண்டின் குறை வண்டின் இரைச்சலாகவே தெரியும். முன்சில்லின் உதறல் பெரும்பாலும் ஸ்ரியறிங்கிலும், பின்புறத்துக் குறை ஆசனத்திலும் உணரப்படும்.

மெதுவாகச் செல்கையில் நடுக்கம் ஏன் மறைகிறது என மாணாக்கர் வினவலாம். சுழலும் பொருளில் நிறை ஒருபுறம் மிகுந்தால், வேகம் இருமடங்காகும்போது அதன் இழுப்பு நான்கு மடங்காகும். ரயரின் வெளிவிளிம்பிலே 30 கிராம் மிகுந்தால், 35 கிலோமீற்றரில் ஒரு கிலோகிராம் நிறைக்கு ஒப்பான அவ்விழுப்பு, 70இல் நான்கு கிலோகிராமுக்கு ஒப்பாகும்.

எஞ்சிய ஐயம் இயந்திரத்தைப் பற்றியது. அதுவும் அவ்வேகத்தில் தண்டுக்குச் சமமாகவே சுழல்கிறது. ஆகவே, வெறுமையான நேர்வீதியில் 70ஐ எட்டியதும் கியரைச் சற்று நேரம் நடுநிலையில் வைத்தேன். இயந்திரம் தணிந்தது, இரைச்சல் தணியவில்லை. இயந்திரம் குற்றமற்றது என்று தெளிந்தேன்.

அயலிலுள்ள முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்தேன். முன்சில்லுகளுக்குக் கட்டையிட்டு, காரின் பின்புறத்தை உறுதியான தாங்கிகளில் உயர்த்தினோம். அவர் தண்டைப் பற்றி முறுக்கினார். பின்முனையிலுள்ள மூட்டு, 'யூனிவேர்சல் ஜொயின்ற்', மெல்ல ஆடியது. அதன் மூடியைச் சுற்றிச் செந்நிறத் துருத்தூள் படிந்திருந்தது.

"கிறீஸ் காணாமல் காய்ஞ்சுபோச்சு மாஸ்ரர். இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் சாப்ட் கழண்டு றோட்டிலை விழுந்திருக்கும்" என்றார். தாயாரின் ஆசனத்தை நினைத்து என் உடல் சிலிர்த்தது.

"அண்ணை, அப்ப விக்கத் தேவையில்லையோ?" என்றேன், சிரித்தார். தண்டு முன்பிருந்த நிலையிலேயே மீளப் பொருந்தும்படி அடையாளமிட்டுக் கழற்றி, மூட்டை மட்டும் மாற்றினார். பல பாகங்களை ஒருங்கே மாற்றுவோன் காரணத்தை அறியான். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பவனே அறிவான். இதை வகுப்பிலே பல்லாண்டு போதித்த நான், என் காரிடத்து மறந்திருந்தேன்.

அடுத்த கிழமை மீண்டும் வவுனியா சென்றோம். 70இலும் கண்ணாடிகள் அசையவில்லை. வண்டு இரைகிறதா என்று கேட்கத் திரும்பினேன். தாயார் நித்திரையாகியிருந்தார்.