இருவகை ஏவலர்

சங்கரன்கோவில் என்றவுடன் பலருக்குக் கோமதி அம்மனின் ஆடித் தவசு நினைவுக்கு வரும். அவ்வூர்த் தெருக்களில் நடப்போர் காதில் விழுவதோ விசைத்தறிகளின் ஓசை. அங்கே ஒரு தறிக்கூடத்தில் நான் கண்ட சிறு சிக்கலைக் கொண்டே இன்றைய பொருளை விளக்க விரும்புகிறேன்.

தறிக்குப் போகுமுன் நூலைச் சிட்டத்திலிருந்து பாபினில் சுற்ற வேண்டும். பாபின் சுழலும்போது, நூலைத் தாங்கிய வழிகாட்டி ஒன்று அதன் நீளம் முழுவதும் போய்ப் போய் வந்தால்தான் அடுக்குச் சீராகப் படியும். என் நண்பர் தம் பழைய யந்திரத்தில் இந்த வேலைக்காக, மோட்டாரால் சுழலும் திருகுத்தண்டு ஒன்றைப் பொருத்தினார். தண்டு சுழலச் சுழல, அதன் மேலுள்ள மரை நேர்கோட்டில் நகரும். இவ்வகை அமைப்பையே லீனியர் ஆக்சுவேட்டர் என்கின்றனர். அதைச் சுழற்ற ஸ்டெப்பர் மோட்டாரா, செர்வோ மோட்டாரா என்ற கேள்வி எழுந்தது. கடன் வாங்கிய பணம். ஆகவே விலை குறைந்த ஸ்டெப்பரையே தேர்ந்தார்.

காலையில் யந்திரம் நன்றாகவே ஓடியது. பிற்பகலில் நூல் பாபினின் ஒரு முனையில் குவியலாயிற்று. அடுக்குச் சரிந்தது, இழைகள் அறுந்தன. கூலிக்கு நெய்கிறவருக்கு, தறி நிற்கும் நேரமெல்லாம் இழந்த கூலியல்லவா?

காரணம் என்ன? சாதாரண ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 படிகளாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி. சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகரும் திருகானால், ஒரு படிக்கு 0.025 மில்லிமீட்டர். துடிப்புகளை எண்ணினாலே இடம் தெரிந்துவிடும். ஆனால் அனுப்பிய கட்டளை நிறைவேறியதா என்று திரும்பிப் பார்ப்பவர் எவருமில்லை. திருகில் பஞ்சுத்தூசி படிந்து சுமை ஏறியது. வேகம் கூடக்கூட ஸ்டெப்பரின் முறுக்குவிசையோ குறையும். விரைந்து திசை திரும்புகையில் அது சில படிகளைத் தவறவிட்டது. கட்டுப்பாட்டுக் கருவி அதை அறியாமல் எண்ணிக்கொண்டே போயிற்று.

செர்வோவின் வழி வேறு. பிரெஞ்சுப் பொறியாளர் ஜோசப் ஃபார்கோ, கப்பலின் சுக்கானைத் திருப்பும் நீராவி யந்திரத்துக்கு இட்ட பெயரிலிருந்து வந்த சொல் அது. அதுபற்றிய அவரது நூல் 1873இல் வெளிவந்தது. இன்றைய செர்வோவில் என்கோடர் என்னும் கருவி, தண்டு நிற்கும் இடத்தை ஓயாமல் அறிவிக்கும். கட்டளைக்கும் நடப்புக்கும் வேறுபாடு கண்டால் மோட்டார் கூடுதல் விசையுடன் திருத்தும். இயலாவிடில் பிழையென்று காட்டி நின்றுவிடும்.

அப்படியானால் எங்கும் செர்வோவே சிறந்ததா? அன்று. அதன் விலை அதிகம். சுமைக்கேற்பப் பக்குவப்படுத்தாவிடில் நின்ற இடத்திலேயே அதிரும். அதே கூடத்தில் துணி மடிக்கும் மேசையின் தடுப்பை நகர்த்தும் வேலை உண்டு. இலேசான, மாறாத சுமை, மெதுவான ஓட்டம், நகர்ந்தபின் அசையாமல் நிற்றல். இதற்கு ஸ்டெப்பரே ஏற்றது.

எனவே வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். சுமை மாறுமா? வேகமாக ஓடி அடிக்கடி திரும்ப வேண்டுமா? இடம் தவறியதை உடனே அறியாவிட்டால் நஷ்டம் எவ்வளவு?

நண்பருக்கு மறுபடி கடன் வாங்க மனமில்லை. தினமும் திருகைத் துடைத்தார், வேகத்தைக் குறைத்தார், ஒரு முனையில் சென்சார் வைத்து, வழிகாட்டி அங்கு வரும்போதெல்லாம் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கச் செய்தார். நூல் சீராகப் படிந்தது. சுற்றும் நூலின் அளவு மட்டும் சற்றுக் குறைந்தது. அடுத்த முறைக்கு, என்கோடர் சேர்த்த ஸ்டெப்பரைப் பற்றி இப்போது விசாரிக்கிறார். சிவனும் திருமாலும் ஓருருவில் நிற்கும் சங்கரநாராயணரின் ஊரில், அவ்விரண்டும் ஒன்றாய் இணைந்த மோட்டார் அவருக்குப் பொருத்தமாகத் தோன்றியதில் வியப்பில்லை.