ஜீனைத் திருத்தலாமா? இஸ்லாமிய அறிஞர்கள் வகுத்த எல்லை

சவூதி அரேபியாவின் கிழக்குப் பகுதியில் அல்அஹ்சா, கத்தீஃப் என்னும் பேரீச்சஞ்சோலை வட்டாரங்கள் உள்ளன. அங்கே பல குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டிவரும் நோய் ஒன்று உண்டு. அதுதான் அரிவாள் செல் சோகை.

இரத்தச் சிவப்பணு தட்டுப்போல் வட்டமானது. ஹீமோகுளோபினுக்கான ஜீனில் ஒரே ஓர் 'எழுத்து' மாறி, அந்த மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்துவிட்டால், சிவப்பணு அரிவாள்போல் வளைந்து விறைத்துவிடும். நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கும். தாங்க முடியாத வலி உண்டாகும்.

இதற்கு விடை தந்தது 'கிரிஸ்பர்' என்னும் ஜீன் கத்திரி. ஜெனிபர் டௌட்னா, இம்மானுவேல் சார்பென்டியே என்னும் இரு பெண் விஞ்ஞானிகள் 2012ல் இம்முறையை வெளியிட்டனர். நோயாளியின் இரத்த மூல உயிரணுக்களை வெளியே எடுத்து, குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டி, மீண்டும் உடலில் செலுத்துகிறார்கள். கருவில் இருந்தபோது உண்டாகி, பிறந்தபின் குறைந்துபோன ஹீமோகுளோபின் மறுபடியும் உற்பத்தியாகிறது. இச்சிகிச்சைக்குப் பஹ்ரைன் 2023 டிசம்பரிலும், சவூதி அரேபியா 2024 ஜனவரியிலும் அனுமதி அளித்தன.

இது இறைவனின் படைப்பை மாற்றுவதாகாதா? இக்கேள்வியை மார்க்க அறிஞர்கள் முன்பே ஆராய்ந்துவிட்டனர். படைப்பை மாற்றுவதைக் குர்ஆன் கண்டிக்கிறது. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் அறிவுறுத்தினார். இரண்டையும் சீர்தூக்கிய மக்காவின் இஸ்லாமியச் சட்ட மன்றம் 1998ல் ஒரு முடிவுக்கு வந்தது. நோயைத் தடுக்கவும் தணிக்கவும் மரபுப் பொறியியல் ஆகும். ஆனால் அதனால் பெரிய தீங்கு நேரக்கூடாது. மனித இனத்தை 'மேம்படுத்த' அது ஆகாது.

அப்படியானால் கருவையே திருத்தலாமா? 2018ல் சீனாவில் ஒரு விஞ்ஞானி அவ்வாறு செய்து, பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். கருவில் நேரும் பிழை பேரன் பேத்திகளுக்கும் தொடரக்கூடும். வம்சத்தைக் காப்பது ஷரீஅத்தின் ஐந்து நோக்கங்களுள் ஒன்று. ஆகவே அறிஞர் பலர் இதை மறுக்கின்றனர். பாதுகாப்பு உறுதியானால் நோய் நீக்க மட்டும் அனுமதிக்கலாம் என்போரும் உளர்.

இங்கேதான் ஒரு சிக்கல். கிரிஸ்பரால் குணமானவரின் இரத்தம் மாறுகிறது. அவரது விந்தணுவோ சினைமுட்டையோ மாறுவதில்லை. பழைய ஜீன் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். எனவே, சவூதியில் 2004 முதல் கட்டாயமாக உள்ள திருமணத்திற்கு முந்தைய இரத்தப் பரிசோதனை இன்னும் தேவைப்படுகிறது.

இன்றைய நோயாளியின் வலியைத் தீர்க்க வழி பிறந்துவிட்டது. நாளை பிறக்கப்போகும் குழந்தைக்காக எவ்வளவு தூரம் துணியலாம்? இதற்கு ஆய்வுக்கூடம் மட்டும் விடை சொல்லிவிட முடியாது, இல்லையா?