கடல் கடந்து வரும் குழந்தை

அயல்நாட்டுக் குழந்தையொன்றைத் தத்தெடுக்க விழையும் தம்பதியர், தொட்டில் வாங்குமுன் எண்ண வேண்டுவது ஒன்றுண்டு: அக்குழந்தைக்குத் தாய்நாட்டிலேயே ஒரு வீடு கிடைக்காதா? 1993-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை இதனை ஆராயுமாறு பணிக்கிறது. பெற்றவளின் இசைவு, மகப்பேற்றிற்குப் பின்னரே பெறப்படல் வேண்டும். பணம் அதற்குத் தூண்டுகோலாதல் கூடாது. அவ்வுடன்படிக்கையை 2003-இல் ஏற்ற நம் நாட்டில், 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மறுபடியும் சிந்திப்பதற்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. காத்திருக்கும் தம்பதியர்க்கு இத்தாமதம் துன்பமே. ஆயினும் அவசரப்பட்டால் பறிபோவது ஒரு தாயின் உரிமையன்றோ? பிறப்பு வரலாற்றைக் காத்துவைப்பதும் அரசுகளின் கடமை. வளர்ந்தபின் அக்குழந்தை, "நான் யார்?" என வினவும். அன்று மெய்யான விடை கூறுவதற்கு நாம் இன்றே ஆயத்தமாதல் வேண்டும்.