தூரிகையும் ஆட்டுமந்தையும்: பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரின் பணி வாழ்வு

சிறுவர் நூல் எழுதுதல் எளிய பணி என்றோர் எண்ணம் கற்றோரிடையேயும் உண்டு. நாலு படமும் பெரிய எழுத்தும் இருந்தாற் போதும் என்று கருதுவோர் பலர். இக்கருத்து எத்துணைப் பொருந்தாதது என்பதற்கு ஆங்கில நாட்டுப் பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரின் வாழ்வே தக்க சான்றாகும். கதை எழுதியவரும் அவரே. படம் தீட்டியவரும் அவரே. அவர் நூல்களுட் பெரும்பாலானவை உள்ளங்கையில் அடங்குவன. அவற்றின் பின்னே நின்ற உழைப்போ ஒரு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொண்டது.

அம்மையார் 1866ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் வழக்குரைஞர்க்குப் பயின்றவர். எனினும் குடும்பச் செல்வமோ பாட்டனார் காலத்துப் பருத்தித் துணித் தொழிலில் வந்தது. பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வீட்டு ஆசிரியைமாரே கற்பித்தனர். தம்பி பெர்ட்ரமும் அவரும் மாடியறையில் முயல், எலி, முள்ளெலி, வௌவால், பல்லி, தவளை, நத்தை எனப் பலவற்றை வளர்த்தனர். இறந்துபட்ட உயிர்களைக் கொதிநீரில் இட்டு எலும்புகளைப் பிரித்தெடுத்து, அவற்றை மீண்டும் முறைப்படி இணைத்துப் பார்த்தனர். கேட்பதற்கு அருவருப்பாயிருக்கலாம், ஆனால் பின்னாளில் அவர் வரைந்த முயல் சட்டை போட்டு நிற்கும்போதும் முயலாகவே நின்றதற்கு இப்பயிற்சியே காரணம். சட்டைக்குள்ளே தோளெலும்பு எங்கே வளையும், பின்னங்கால் எவ்வாறு மடங்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. பிறர் வரைந்த விலங்குக் கதைப் படங்கள் பலவற்றில் விலங்கின் தலையை மனித உடலில் ஒட்டவைத்தது போன்ற தோற்றமே காணப்படும்.

இளமையிலேயே தாமே அமைத்துக்கொண்ட மறையெழுத்தில் நாட்குறிப்பு எழுதிவந்தார். ஏறத்தாழ 15 வயது முதல் 30 வயது வரை அது தொடர்ந்தது. அம்மறையெழுத்தை இலெஸ்லி லிண்டர் என்பார் பல்லாண்டு முயன்று 1958இல் படித்தறிந்தார். நாட்குறிப்பு 1966இல் நூலாக வெளிவந்தது.

காளான் ஆராய்ச்சியும் இக்காலத்ததே. காளான் வித்துகள் முளைக்கும் முறை பற்றி அவர் எழுதிய கட்டுரை 1897 ஏப்ரல் முதல் நாள் இலண்டன் இலின்னேயக் கழகத்தின் முன் வைக்கப்பட்டது. பெண்களுக்கு அவையில் இடமில்லாமையால் ஜார்ஜ் மாசி என்ற அறிஞரே அதனை முன்வைத்தார். கட்டுரை அச்சேறவில்லை. அம்மையார் நடத்தப்பட்ட முறை தகாதது என்பதை அக்கழகம் நூறாண்டு கழித்து, 1997இல், ஒப்புக்கொண்டது. அவர் தீட்டிய காளான் ஓவியங்களுட் பல 1967இல் வெளிவந்த காளான் நூலொன்றில் இடம்பெற்றன. அறிவியல் கதவடைத்ததனாலேயே அவர் கதை பக்கம் திரும்பினார் என்று சிலர் எழுதுவர். காலக் கணக்கு அதற்கு இடந்தரவில்லை. கதையின் தொடக்கம் கட்டுரைக்கு நான்காண்டு முந்தியது. ஒரே கண்ணும் ஒரே கையுமே இரண்டு பணிகளையும் செய்தன என்பதே பொருத்தம்.

அத்தொடக்கம் ஒரு கடிதம். முன்னாள் வீட்டு ஆசிரியை ஒருவரின் ஐந்து வயது மகன் நோயுற்றுப் படுத்திருந்தான். அவனுக்கு 1893 செப்டம்பர் 4ஆம் நாள் ஸ்காத்லாந்திலிருந்து அம்மையார் ஒரு படக்கடிதம் வரைந்தார். அதில் வந்தவனே பீட்டர் என்னும் முயல். அப்பெயர் கற்பனையன்று, 4 சில்லிங் 6 பென்சுக்கு வாங்கி வளர்த்த முயலின் பெயர். சில ஆண்டுகளுக்குப்பின் அதனை நூலாக்கும் எண்ணம் எழுந்தபோது சிறுவனிடமே கடிதத்தை இரவல் கேட்டார். அவனும் பத்திரமாக வைத்திருந்தான்! கதை முதலில் பொதுவான 'குழந்தை உலகு'க்கு எழுதப்பட்டதன்று. பெயரும் முகமும் உடைய ஒரு குழந்தைக்கு எழுதப்பட்டது. வகுப்பில் கதை சொல்லும் ஆசிரியர் இவ்வேறுபாட்டை நன்கறிவர்.

வெளியீட்டகத்தார் பலர் கையெழுத்துப் படியைத் திருப்பிவிட்டனர். நூல் பெரிதாக வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். சிறு கைகளில் அடங்க வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும் என்பது அம்மையாரின் பிடிவாதம். ஆகவே 1901 டிசம்பரில் தம் பொருளிலேயே 250 படிகள் அச்சிட்டார். பின்னர் பிரெடரிக் வார்ன் நிறுவனம், படங்களை வண்ணத்தில் தந்தால் வெளியிடுவதாகக் கூறியது. வண்ண அச்சின் செலவுக்கு அஞ்சி அவர் முதலில் தயங்கினார். முயலின் பழுப்பும் புல்லின் பச்சையுமாகவே இருக்கும் படங்களுக்கு வண்ணம் எதற்கு என்றும் எண்ணினார். முடிவில் இசைந்தார். 1902 அக்டோபரில் 8,000 படிகள் வெளிவந்தன. ஆண்டு முடிவதற்குள் 28,000 ஆயின. அமெரிக்காவில் உரிமைப் பதிவு செய்யப்படாமற் போகவே அங்கே பிறர் அச்சிட்டு ஊதியம் பெற்றனர். அடுத்த ஆண்டே அம்மையார் பீட்டர் பொம்மையைத் தாமே தைத்து, தம் பெயரிற் பதிவும் செய்துகொண்டார்.

அவர் வேலை செய்த முறையைச் சற்று விரிவாகவே காண வேண்டும். வெற்றுத் தாள் ஏட்டில் படங்களையும் சொற்களையும் ஒட்டி மாதிரி நூல் செய்து, எந்தப் பக்கத்தில் கதை நின்று எந்தப் பக்கத்தில் திரும்ப வேண்டும் என்று முன்னரே காண்பார். குளோஸ்டர் நகரத் தையற்காரர் கதையை (1903) வரையுங்காலத்து, தம் மேற்சட்டைப் பொத்தானைத் தாமே பிய்த்துக்கொண்டு இலண்டனில் ஒரு தையற்கடைக்குச் சென்றார். அதைத் தைத்துத் தருமளவும் தையற்காரர் அமர்ந்திருக்கும் முறையையும் கருவிகளையும் துணித் துண்டுகளையும் பார்த்துக்கொண்டார். கதையில் வரும் பழங்கால உடைகளை அருங்காட்சியகத்தில் இருந்த உண்மை உடைகளைக் கொண்டே வரைந்தார். ஒரு பொத்தான் செலவில் ஒரு தொழிலையே கற்றுக்கொண்டார் எனலாம். சொல்லிலும் அவர் குழந்தையைத் தாழ்த்தவில்லை. 1909இல் வந்த முயற்குட்டிகள் கதையில், கீரை தின்றால் உறக்கம் வரும் என்று கூறுமிடத்தில் எளிய சொல் இருக்க, 'சோபோரிபிக்' என்ற அருஞ்சொல்லையே ஆண்டார். பாட நூலில் அருஞ்சொல்லையெல்லாம் களைந்தெறிவதே நலம் என்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

வார்ன் நிறுவனத்தில் அவர் நூல்களைக் கவனித்தவர் நார்மன் வார்ன். 1905 சூலையில் அவர் மணம் பேசினார், அம்மையார் இசைந்தார். வணிகக் குடும்பம் என்று பெற்றோர் தடுத்தனர். பருத்தி வணிகத்தில் வந்த செல்வத்தை உண்போர் கூறிய தடை இது! ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் நார்மன் நோயில் இறந்தார். அம்மையாருக்கு அப்போது 39 வயது. அவ்வாண்டிலேயே, நூல் வருவாயும் உறவினர் விட்டுச்சென்ற சிறு பொருளும் கொண்டு, ஏரி மாவட்டத்துச் சாரி என்ற சிற்றூரில் 'ஹில் டாப்' பண்ணையை வாங்கினார். எனினும் மூத்த பெற்றோரை விட்டு நீங்க இயலவில்லை. கிடைத்த நாட்களில் மட்டும் வந்து தங்கினார். டாம் பூனைக்குட்டி (1907), ஜெமிமா வாத்து (1908) முதலிய நூல்களில் அப்பண்ணையின் வாயிலும் தோட்டமும் சமையலறையும் அப்படியே காணப்படும்.

1913இல், 47ஆம் வயதில், நிலம் வாங்குவதில் உதவிய வழக்குரைஞர் வில்லியம் ஹீலிசை மணந்தார். இதன்பின் நூல்கள் அருகின. கண்ணொளி குன்றியது ஒரு காரணம். ஆடுகள் மற்றொரு காரணம். 1923இல் திரௌட்பெக் பார்க் என்னும் பெரும் மலைப் பண்ணையை வாங்கி, ஹெர்ட்விக் என்ற மலையாட்டினத்தைப் பேணலானார். அவ்வாட்டு மயிராலான முரட்டு உடையும் மரத்தடிச் செருப்பும் அணிந்து ஆட்டுச் சந்தையில் நின்றவரை எழுத்தாளர் என்று கூறுவது அரிது. கலை வீழ்ந்தது என்று திறனாய்வாளர் சிலர் வருந்துவர். தோளெலும்பு எங்கே வளையும் என்று மாடியறையில் பார்த்த அதே கண்ணே சந்தையில் ஆட்டின் தோளைப் பார்த்தது. அங்கும் பரிசுகள் பெற்றார். ஹெர்ட்விக் ஆடு வளர்ப்போர் சங்கம் 1943இல் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பொறுப்பேற்குமுன், அவ்வாண்டு டிசம்பர் 22ஆம் நாள், அவர் மறைந்தார்.

நாலாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் பல பண்ணைகளையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிறுவனத்துக்கு விட்டுச்சென்றார். மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே தொடர்ந்து வளர வேண்டும் என்றும் எழுதி வைத்திருந்தார். ஹில் டாப் வீடு 1946இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அறைகலன்கள் அவர் வைத்தபடியே வைக்கப்பட்டுள்ளன. நூலைக் கையில் ஏந்திச் செல்லும் சிறுவர், படத்திலுள்ள மாடிப்படியையும் தட்டு அலமாரியையும் அங்கே தேடிக் கண்டுபிடிக்கின்றனர்.