நோய் தெரியும் முன்னே படம் சொல்லும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் பழகுவது போட்டோக்களைத்தான். மொபைலில் எடுத்த படங்களை ஹார்ட் டிஸ்க்கிற்கு மாற்றுவது, பெரிதாக்கிப் பார்ப்பது, வெளிச்சம் கூட்டுவது என்று ஒரு வாரம் ஓடிவிடும். அதே போன்ற ஒரு டிஜிட்டல் படம், ஒருவரின் கண் பார்வையைக் காப்பாற்ற முடியும் என்றால் நம்புவீர்களா? நம் மதுரையில் இது நடந்துகொண்டிருக்கிறது. அது எப்படி என்று இங்கு பார்க்கலாம். கூடவே, சாப்ட்வேர் இன்ஜினியரான நான் என் வீட்டிலேயே செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அது உங்கள் வீட்டில் நடக்கக் கூடாது.

அப்பாவின் முகாம் சீட்டு

என் அப்பா உசிலம்பட்டி பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னால், "பேப்பர்ல பொடி எழுத்தைக்கூட வாசிக்கிறேன். எனக்கு எதுக்குப்பா கண் செக்கப்பு?" என்பார். ஒருமுறை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம் நடந்தபோது அம்மா வற்புறுத்தி அழைத்துச் சென்றார். விழித்திரையைப் படம் எடுத்து, ஒரு சீட்டும் கொடுத்தார்கள். வார இறுதியில் நான் ஊருக்குப் போனபோது அந்தச் சீட்டை என்னிடம் நீட்டினார். நோயின் பெயர் எதுவும் அதில் இல்லை. "படம் தெளிவில்லை. மருந்து விட்டு மீண்டும் பார்க்கவும்" என்று மட்டும் எழுதியிருந்தது. "நோய்னு ஒண்ணும் போடலப்பா, பயப்படாதீங்க" என்றேன். சீட்டு கல்லாப்பெட்டிக்குள் போனது. ஒரு வருடம் அங்கேயே கிடந்தது.

படத்தில் என்ன தெரியும்?

சர்க்கரை அளவு பல ஆண்டுகள் கூடியிருந்தால், விழித்திரையில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் பலவீனமாகும். முதலில் குண்டூசி முனை போன்ற சிறு புடைப்புகள் தோன்றும். பிறகு ரத்தமும் கொழுப்பும் கசியும். முற்றிய நிலையில் தாறுமாறாகப் புதிய குழாய்கள் முளைக்கும். இதில் வலி கிடையாது. ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. பார்வை மங்கும்போது பாதிப்பு வெகுதூரம் போயிருக்கும்.

ஆனால் கண்மணி வழியே விழித்திரையைப் படம் எடுக்கும் பண்டஸ் கேமராவில் இந்தப் புள்ளிகள் முன்கூட்டியே தெரிந்துவிடும். எக்ஸ்ரே போலக் கதிர்வீச்சும் இதில் இல்லை. சாதாரண பிளாஷ் வெளிச்சம்தான். அறிகுறி எதுவும் இல்லாதவர்களையும் இப்படிச் சோதித்து, யாருக்கு மேல் பரிசோதனை தேவை என்று பிரித்தெடுப்பதைத்தான் ஸ்கிரீனிங் என்கிறார்கள். மாவு சலிப்பது போன்ற வேலை இது. சல்லடையில் நின்றதெல்லாம் கல் என்று அர்த்தமல்ல. எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

மதுரையில் நடந்தது

2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. இத்தனை பேரின் படங்களையும் ஆண்டுதோறும் பார்க்கக் கண் டாக்டர்களுக்கு எங்கே நேரம்?

1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. கிராமங்களில் பார்வை மையங்களை அமைத்து, அங்கு வருபவர்களைத் தலைமை மருத்துவமனையில் உள்ள டாக்டர் கம்ப்யூட்டர் வழியாகப் பார்க்கும் முறையை இவர்கள் கொண்டுவந்தார்கள். நம் வீட்டு வை-பை மாடிக்குப் போனாலே திணறும். 2006 வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், ஒரே திசையை நோக்கும் ஆன்டெனாக்களையும் மாற்றி எழுதிய சாப்ட்வேரையும் கொண்டு, தேனி அரவிந்த் மருத்துவமனையையும் சுற்றுவட்டார மையங்களையும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வை-பை மூலம் இணைத்துக் காட்டினார்கள்.

அடுத்த கட்டமாகப் படத்தைப் படிக்கும் வேலைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு ஒரு சாப்ட்வேரைப் பழக்கி, 2016ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்க மையங்களின் படங்களோடு அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் இருந்தன. 54 கண் மருத்துவர்கள் ஒவ்வொரு படத்தையும் 3 முதல் 7 முறை தரம் பிரித்துக் கொடுத்தார்கள்.

கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கிறது?

கம்ப்யூட்டருக்குப் படம் என்பது வெறும் எண்கள்தான். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மேலே சொன்ன ஆய்வில் விழித்திரை 299 பிக்சல் அகலத்தில் அடங்கும்படி படங்கள் சுருக்கப்பட்டன. 299 x 299 என்றால் 89,401 பிக்சல்கள். அதாவது சுமார் 2 லட்சத்து 68 ஆயிரம் எண்கள்.

"சிவப்புப் புள்ளி இருந்தால் நோய்" என்று இதில் யாரும் புரோகிராம் எழுதவில்லை. படத்தையும் டாக்டரின் தீர்ப்பையும் சேர்த்துக் கொடுப்பார்கள். சாப்ட்வேர் தன் விடையைச் சொல்லும். தவறினால் உள்ளே இருக்கும் சுமார் 2.2 கோடி அளவுருக்களைச் சிறிது சிறிதாகத் திருத்தும். இப்படியே மீண்டும் மீண்டும் நடக்கும். சைக்கிள் பழகும் பிள்ளை விழுந்து எழுந்து கற்றுக்கொள்வது போலத்தான்.

எவ்வளவு நம்பலாம்?

2019ல் வெளியான ஆய்வில், இந்த சாப்ட்வேரை அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் நேரடியாக நோயாளிகளிடம் சோதித்தார்கள். அரவிந்தில், மேல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்களில் 88.9 சதவீதத்தினரைச் சரியாகப் பிடித்தது. அனுப்பத் தேவையில்லாதவர்களில் 92.2 சதவீதத்தினரைச் சரியாக விட்டது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். 1,000 பேர் வருகிறார்கள், அதில் 100 பேருக்குப் பாதிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 89 பேர் பிடிபடுவார்கள். 11 பேர் தப்பிவிடுவார்கள். பாதிப்பில்லாத 900 பேரில் சுமார் 70 பேரை வீணாக அலைய வைக்கும். எனவே 'பிரச்னை' என்று வந்தால் அலற வேண்டாம்; டாக்டரைப் பாருங்கள். 'பிரச்னை இல்லை' என்று வந்தால் அடுத்த ஆண்டு பரிசோதனையை மறக்க வேண்டாம்.

மார்பு எக்ஸ்ரேக்கும் இதே கணக்குதான். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய் ஆய்வில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் 42.6 சதவீத நோயாளிகள் விடுபட்டிருப்பார்கள் என்று தெரியவந்தது. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் எக்ஸ்ரேயைக் காசநோய்க்காகப் படிக்க, சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் பரிந்துரைத்தது. ஆனாலும் சளிப் பரிசோதனை செய்துதான் நோயை உறுதி செய்ய வேண்டும்.

மூன்றாவது விடை

இனி என் தவறுக்கு வருகிறேன். ஸ்கிரீனிங்கிற்கு இரண்டு விடைகள்தான் என்று நினைத்திருந்தேன். மூன்றாவதாக ஒன்று உண்டு: 'படம் சரியில்லை, சொல்ல முடியாது'. தாய்லாந்துக் கிராம மருத்துவ மையங்களில் கூகுளின் சாப்ட்வேரைப் பயன்படுத்தியபோது, 1,838 படங்களில் சுமார் 21 சதவீதத்தைத் தரம் போதாது என்று அது ஒதுக்கிவிட்டதாக 2020ல் ஓர் ஆய்வு வெளியானது. கண்புரை இருந்தாலோ, கண்மணி சுருங்கியிருந்தாலோ, அறையில் வெளிச்சம் அதிகமாக இருந்தாலோ படம் மங்கலாகத்தான் வரும்.

எக்செல் பழகுபவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஒரு கட்டம் காலியாக இருப்பதும், அதில் 0 என்று இருப்பதும் ஒன்றல்ல. ஆபீசில் இந்த வித்தியாசத்தைத் தினமும் பார்க்கிறவன் நான். அப்பாவின் சீட்டில் இருந்த காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்று படித்துவிட்டேன்.

ஒரு வருடம் கழித்து, இடது கண்ணில் கரும்புள்ளிகள் மிதப்பதாக அப்பா சொன்னார். மருந்து விட்டுப் பார்த்த டாக்டர், இரண்டு கண்களிலும் பாதிப்பு இருப்பதாகவும், இடது கண்ணில் முற்றிவிட்டதாகவும் சொன்னார். லேசர் சிகிச்சையும் ஊசிகளும் நடந்தன. வலது கண் தப்பியது. இடது கண்ணை மட்டும் வைத்து அவரால் இன்று பேப்பர் படிக்க முடியாது. அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உனக்கும் தெரியாதுல்லப்பா" என்றார். சீட்டில் எழுதியிருந்ததை அப்படியே செய்திருந்தால் போதும். தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

* வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்திடுங்கள்.

* 'படம் தெளிவில்லை' என்று சீட்டு வந்தால் பரிசோதனை இன்னும் முடியவில்லை என்று பொருள். உடனே மீண்டும் செல்லுங்கள்.

* ஸ்கேன் சென்டரில் தரும் சிடியில் உள்ளவை டைகாம் வகை பைல்கள். சொந்த உபயோகத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் மைக்ரோடைகாம் போன்ற சாப்ட்வேரில் இவற்றைத் திறக்கலாம். சிடியை அப்படியே ஒரு போல்டரில் காப்பி செய்து, பெயரும் தேதியும் கொடுத்து சேவ் செய்திடுங்கள். பழைய படத்தோடு ஒப்பிட டாக்டருக்கு உதவும்.

* எக்ஸ்ரே பிலிமை மொபைலில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி முடிவு கேட்காதீர்கள். சுருக்கப்படும்போது நுண்ணிய விவரங்கள் போய்விடலாம்.

* 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று நீங்களாகவே சிடி ஸ்கேன் எடுக்காதீர்கள். அதில் கதிர்வீச்சு உண்டு. டாக்டர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

* கம்ப்யூட்டர் காலண்டரில் அடுத்த பரிசோதனைத் தேதிக்கு ஒரு ரிமைண்டர் வைத்திடுங்கள். அப்பாவின் தேதி இப்போது என் கம்ப்யூட்டரில் இருக்கிறது.